சாட்சியைத் தண்டிக்கும் கராஜ்கள்

பதுளை நகரிலும் அதைச் சுற்றியுள்ள மலைப்பாதைகளிலும் உள்ள கராஜ்களில் இப்போது அடிக்கடி வழங்கப்படும் தீர்ப்பு ஒன்று உண்டு. “அண்ணே, சென்சர் போயிருச்சு. மாத்திறணும்.” வண்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகிறது. கராஜ் பையன் ஒரு சிறு கருவியைச் செருகுகிறான். திரையில் ஓர் இலக்கம் தோன்றுகிறது. அந்த இலக்கத்துக்குரிய சென்சரின் விலை உடனே சொல்லப்படுகிறது. எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வண்டிக்காரர் கடன் வாங்கியாவது பணத்தைக் கட்டுவார். இரண்டு நாளில் அதே விளக்கு மீண்டும் எரியும். அப்போது வேறொரு சென்சரின் பெயர் சொல்லப்படும்.

இதற்குப் பழுதுபார்த்தல் என்று பெயரிட நான் மறுக்கிறேன். இது வாடிக்கையாளரின் காசில் ஆடப்படும் சூதாட்டம். சூதாடுபவர் தோற்றாலும் அவருக்கு நட்டமில்லை, காசு அவருடையதன்று. பழுதைக் கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றும் இந்தப் பழக்கம் நாடெங்கும் இருக்கிறது. ஆனால் ஊவாவின் தோட்டப்புறங்களில் அதற்குக் கொடுக்கப்படும் விலை வேறு. இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தவும் முடியும் என்பதே என் வாதம்.

முதலில் அந்த மஞ்சள் விளக்கின் வரலாற்றைப் பார்ப்போம். அதை உருவாக்கியவர்கள் உதிரிப்பாகக் கடைக்காரர்கள் அல்லர். வாகனப் புகையால் மூச்சுத் திணறிய கலிபோர்னியா மாநிலந்தான், 1988ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிலிருந்து, இயந்திரம் தன் கோளாறைத் தானே அறிவிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. 1996இல் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே வடிவச் செருகியும் ஒரே வகைக் குறியீடுகளும் விதிக்கப்பட்டன. 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியமும் பெற்றோல் கார்களுக்கு அதை விதித்தது. நம் வீதிகளில் ஓடும் ஜப்பானிய வண்டிகளிலும் இந்தியாவில் தயாரான புதிய வண்டிகளிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு ஊசிச் செருகி அந்த வழியில் வந்ததுதான். அதன் நோக்கம் காற்று மாசைத் தடுப்பது. எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று பட்டியல் எழுதித் தருவது அதன் வேலையன்று.

சென்சர் என்பது என்ன? அது இயந்திரத்தின் ஒரு மூலையில் நின்று தான் காண்பதை மின்சாரமாக மாற்றிக் கணினிக்குச் சொல்லும் சாட்சி. ஒன்று வெப்பத்தைச் சொல்கிறது. ஒன்று காற்றழுத்தத்தைச் சொல்கிறது. ஒன்று புகையில் எஞ்சியிருக்கும் ஒட்சிசனைச் சொல்கிறது. ஒன்று கிராங்க் தண்டு எந்த நிலையில் சுற்றுகிறது என்று சொல்கிறது. சாட்சி சொல்வது வழக்கத்துக்கு மாறாக இருந்தால் கணினி அதைக் குறித்துக்கொண்டு விளக்கை ஏற்றுகிறது. சாட்சி பொய் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லியும் இருக்கலாம். சாட்சி சரியாகச் சொன்னதை வழியில் அறுந்த கம்பி திரித்தும் இருக்கலாம். இந்த மூன்றில் எது நடந்தது என்று கணினிக்குத் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டியவர் மெக்கானிக்.

பி 0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். கலவையில் காற்று மிகுந்து பெற்றோல் குறைந்துள்ளது என்பதே அதன் பொருள். இந்தக் குறியீடு வந்தவுடன் ஒட்சிசன் சென்சரைக் கழற்றுபவர்கள் ஏராளம். ஆனால் அங்கே பெரும்பாலும் அந்தச் சென்சர் தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது. எங்கோ ஒரு ரப்பர்க் குழாய் வெடித்து அளவில்லாக் காற்று உள்ளே போகிறது. அல்லது பெற்றோல் பம்ப் தளர்ந்திருக்கிறது. அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. அல்லது காற்றின் அளவைச் சொல்லும் சென்சரில் அழுக்குப் படிந்திருக்கிறது. அல்லது புகைக்குழாயில் ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் ஓர் ஓட்டை இருக்கிறது. காற்று மிகுதி என்று உண்மையைச் சொன்ன சாட்சியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதுவும் அதையேதான் சொல்லும்.

பி 0135 இன்னொன்று. ஒட்சிசன் சென்சரைச் சூடாக்கும் மின்சுற்றில் கோளாறு என்று அது சொல்கிறது. மின்சுற்று என்றால் சென்சருக்குள் இருக்கும் சூடாக்கி மட்டுமன்று. அதற்கு மின்சாரம் தரும் பியூஸ், கம்பி, இணைப்பி, எர்த் எல்லாம் சேர்ந்ததே மின்சுற்று. சில ரூபா பெறுமதியான பியூஸ் எரிந்ததற்குப் பல்லாயிரம் ரூபாவுக்குச் சென்சர் வாங்க வைத்தால் அதை எப்படி அழைப்பது?

நாற்பது ஆண்டுக்குக் கிட்டப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஒருவர் தொலைபேசியில் சொன்னார் என்பதனால் மட்டும் எந்த ஆசிரியரும் ஒரு செய்தியை முதற்பக்கத்தில் போடமாட்டார். இன்னொருவரிடம் கேள், ஆவணத்தைப் பார், இடத்துக்குப் போ என்பார். குறியீடு என்பது அந்த முதல் தொலைபேசி அழைப்பு. விசாரணை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நம் கராஜ்களில் அது அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஓர் உதாரணம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆள் ஏற்றும் பெற்றோல் வான் ஒன்று. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோகும். பகலில் வாடகைக்கு ஓடும். இரவில் யாருக்கேனும் பிரசவ வலியென்றால் பதுளை வைத்தியசாலைக்கு ஓடும். ஏற்றத்தில் இழுவை குறைந்தது, விளக்கு எரிந்தது, குறியீடு பி 0171. பதுளையில் ஒரு கராஜில் ஒட்சிசன் சென்சர் மாற்றப்பட்டது. மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. காற்றளவு சென்சரும் மாற்றப்பட்டது, கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து எடுத்த பாவித்த சாமான். இழுவை திரும்பவில்லை. பிறகு பெற்றோல் பம்ப். அதற்குள் வான் ஓடாத நாட்கள் பல கழிந்துவிட்டன. கடைசியில் பண்டாரவளையில் வயதான மெக்கானிக் ஒருவர் பொனட்டைத் திறந்து, ஒருவரை உள்ளே அமர்த்தி, பிரேக்கை அழுத்தி, கியரில் போட்டு இயந்திரத்தைச் சற்று முறுக்கச் சொன்னார். இயந்திரம் தன் தாங்கிகளில் சாய்ந்தபோது, காற்று வடிகட்டியிலிருந்து வரும் ரப்பர்க் குழாயின் அடிப்புற மடிப்பில் ஒரு வெடிப்பு வாய் திறந்தது. நின்ற நிலையில் அது மூடியே இருந்தது. ஏற்றத்தில் மட்டும் திறந்தது. மாற்றிய மூன்று பாகங்களிலும் பழுது இருக்கவில்லை. குழாயின் விலை அவற்றில் எந்த ஒன்றின் விலைக்கும் பக்கத்தில் வரவில்லை.

அந்த வயதானவரிடம் இருந்த விலையுயர்ந்த கருவி எது? காது, கண், கை, ஒரு கேள்வி. ‘ஏற்றத்தில் மட்டும் ஏன்?’ என்ற கேள்வியை முதலாவது கராஜில் யாரும் கேட்கவில்லை.

மலையகத்துக்கே உரிய இன்னொரு கோணம் இருக்கிறது. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். கடல்மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும், பதுளையில் ஏறத்தாழ 93, பண்டாரவளையில் 87, அப்புத்தளையில் 85. சாவியைத் திருப்பி, இயந்திரத்தை இயக்காமல், ஸ்கேனரில் காற்றழுத்த சென்சர் சொல்லும் அளவைப் பார்த்தால், அந்த இடத்தின் காற்றழுத்தத்தையே அது காட்ட வேண்டும். பதுளையில் 93 காட்டினால் சென்சர் நலமாக இருக்கிறது. அதே சென்சர் பதுளையில் 101 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். கொழும்பில் அச்சான அட்டவணையையோ கடல்மட்டத்து ஊரொன்றில் எடுத்த காணொளியையோ கையில் வைத்துக்கொண்டு, “நூறு காட்டணும், தொண்ணூத்தி மூணுதான் காட்டுது, சென்சர் அவுட்” என்று சொல்பவர், நல்ல சாமானைக் குப்பையில் போடச் சொல்கிறார். தான் நிற்கும் மலையின் உயரத்தை அறியாத மெக்கானிக்கிடம் எந்த ஸ்கேனரைக் கொடுத்து என்ன பயன்?

சோதனை என்றால் பெரிய ஆய்வுகூடம் வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்நீரின் வெப்பத்தைச் சொல்லும் சென்சரை எடுத்துக்கொள்ளுங்கள். அது பழுதானால் காலையில் வண்டி கிளம்ப மறுக்கும், பெற்றோல் அதிகம் குடிக்கும், கரும்புகை கக்கும். அதைச் சோதிக்க மலையகத்தின் குளிர்ந்த காலையே போதும். இரவெல்லாம் நின்ற வண்டியில், இயந்திரத்தை இயக்குமுன், குளிர்நீரின் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்று 16 பாகை என்றும் மற்றது 45 பாகை என்றும் காட்டினால் இரண்டில் ஒன்று தவறு. கம்பி அறுந்திருந்தால் பல வண்டிகளில் திரை கழித்தல் 40 பாகை என்று காட்டும். பதுளையில் அப்படியொரு குளிர் அடித்ததாக வரலாறு இல்லை. சந்தேகம் தீராவிட்டால் சென்சரைக் கழற்றிச் சுடுநீரில் வைத்து மல்டிமீற்றரால் மின்தடையை அளக்கலாம். பெரும்பாலான சென்சர்களில் 20 பாகையளவில் இரண்டாயிரம் மூவாயிரம் ஓம் இருக்கும் தடை, நீர் கொதிக்கும் நிலையை நெருங்கும்போது சில நூறு ஓமுக்கு இறங்க வேண்டும். ஒரு கேத்தல், ஒரு மல்டிமீற்றர், பத்து நிமிடம். இவ்வளவுதான் செலவு.

ஒட்சிசன் சென்சருக்கும் அப்படியே. 1976இல் வொல்வோ காரில் பொஷ் நிறுவனத்தின் இந்தச் சாதனம் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இன்றும் பல வண்டிகளில் உள்ள சாதாரண வகை அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. சூடேறிய பின் அதன் மின்னழுத்தம் சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் உடனே தீர்ப்பெழுதக் கூடாது. காற்றுக் குழாய்க்குள் சிறிது எரிவாயுவைச் செலுத்திப் பாருங்கள். அளவு மேலே பாய்கிறதா? ஒரு வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பாருங்கள், கீழே இறங்குகிறதா? இரண்டுக்கும் உடனே பதில் சொல்லும் சென்சர் உயிரோடிருக்கிறது. பழுது வேறெங்கோ இருக்கிறது. எதற்கும் அசையாத சென்சரைத்தான், அதன் கம்பியையும் இணைப்பியையும் பார்த்த பிறகு, மாற்ற வேண்டும். இந்தக் கடைசி வரியை அழுத்திச் சொல்கிறேன். மழையும் பனிமூட்டமும் மாறாத ஊரில் இணைப்பிகளில் பச்சைக் களிம்பு ஏறுவதும், லயத்துக்குப் பக்கத்தில் நிறுத்திய வண்டியின் கம்பியை எலி கடிப்பதும் அன்றாடச் செய்திகள்.

சென்சர்களே பழுதாவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழுதாகின்றன. கிராங்க் சென்சர் நல்ல உதாரணம். ஹாலிஎலயிலிருந்து பண்டாரவளை நோக்கி ஏறும் வண்டி, சூடேறியதும் திடீரென நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். வண்டி நின்றிருக்கும் அந்தச் சூட்டிலேயே ஸ்டார்ட் செய்து பார்க்கும்போது ஸ்கேனரில் சுழற்சி வேகம் பூச்சியம் என்று காட்டினால், கம்பியும் சரியாயிருந்தால், குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அப்போது மாற்றுவதே நியாயம்; தாமதிப்பதுதான் தவறு. வளைவுகளில் பிள்ளைகளுடன் நின்றுபோகும் வண்டி விளையாட்டுக் காரியமன்று. என் சண்டை சோதித்து மாற்றுபவரோடு அல்ல. மாற்றி மாற்றிச் சோதிப்பவரோடு.

மாற்றிய பிறகும் வேலை முடிவதில்லை என்பதை உலகம் ஒரு பெருந்துயரின் வழியாகக் கற்றுக்கொண்டது. 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி இந்தோனேசியாவின் லயன் எயார் நிறுவனத்தின் போயிங் 737 மெக்ஸ் விமானம் கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். அதற்கு முதல் நாள் பாலித் தீவின் டென்பசாரில், முன்பு காட்டிய கோளாறுகளுக்காக அந்த விமானத்தின் மூக்குயர்வுக் கோணத்தை அளக்கும் சென்சர் மாற்றப்பட்டது. பொருத்தியது திருத்தியமைக்கப்பட்ட பழைய சாமான். அது 21 பாகை பிழையாக அளவு காட்டியது. பொருத்திய பின் செய்ய வேண்டிய சோதனை முறையாகச் செய்யப்பட்டதற்குப் பதிவில்லை என்று இந்தோனேசிய விசாரணைக் குழு 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. விமானத்தின் மென்பொருள் அந்த ஒரேயொரு சென்சரின் பொய்யை நம்பி மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டேயிருந்தது. விபத்துக்கு ஒன்பது காரணங்களை அக்குழு அடுக்கியது; வடிவமைப்பின் தவறும் விமானிகளுக்கு அறிவிக்காமல் விட்டதும் அவற்றில் அடங்கும். ஆயினும் சோதிக்காமல் பொருத்திய சென்சர் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. பல படிச் சரிபார்ப்பு உள்ள விமானத் தொழிலிலேயே இது நடக்குமென்றால், பஞ்சிகாவத்தையில் வாங்கிய பாவித்த சென்சரைப் பொருத்திவிட்டு, விளக்கை அணைத்து, “சரி, கொண்டு போங்க” என்று சொல்லும் கராஜ்களை என்ன சொல்வது?

பாவித்த சாமானை வாங்குவதே குற்றம் என்று சொல்லும் வசதி நமக்கில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்தாண்டுகளில் நாட்டின் வண்டிகளெல்லாம் ஐந்து வயது கிழடாகின. இடையில் 2022இன் பொருளாதார வீழ்ச்சி ரூபாவின் மதிப்பைச் சரித்து, இறக்குமதிச் சாமான் ஒவ்வொன்றின் விலையையும் உயர்த்தியது. கிழட்டு வண்டிக்குப் பழுது அதிகம். புதுச் சாமானுக்கு விலை அதிகம். இந்நிலையில் ஒவ்வொரு தவறான மாற்றமும் முன்னரைவிட ஆழமாக வெட்டுகிறது. அதனாற்றான் சோதனை முன்னெப்போதையும்விட இப்போது அவசியமாகிறது.

வெட்டின் ஆழத்தைத் தோட்டத்துக் கணக்கில் பாருங்கள். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை நிறைவேறப் பல ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. 2021இல்தான் அது கிடைத்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் தாய், கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன், அடகுவைத்த நகை, மாதத் தவணை என்று ஒரு குடும்பமே சேர்ந்துதான் லயத்து வாசலில் ஒரு வானையோ முச்சக்கர வண்டியையோ கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த வண்டியின் ஒரு தவறான சென்சர், அந்தத் தாயின் பல நாள் கூலி. வண்டி ஓடாத நாட்களின் நட்டம் தனி. அதற்கு மேல் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை இருக்கிறது. 2008இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின்படி சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. பணத்தைக் கொட்டிய பின்னும் கலவை சரியாகாத வண்டி அங்கேயும் தோற்றுத் திரும்புகிறது. அந்தத் தோட்டத்தில் இரவில் நோயாளியை ஏற்ற வேறு வண்டி இல்லையென்றால் நட்டம் ஒரு குடும்பத்தோடு நிற்பதுமில்லை.

மெக்கானிக்குகளின் பக்கத்தையும் கேட்க வேண்டும். அவர்களுடைய முதல் முறைப்பாடு நியாயமானது. “ரெண்டு மணித்தியாலம் தேடி ஒரு குழாயைக் கண்டுபிடிச்சா, குழாய்க் காசு மட்டும் குடுத்திட்டுப் போவாங்க. சென்சர் மாத்தினா கேட்டதைக் குடுப்பாங்க.” உண்மை. “பாக்கிறதுக்கும் காசா?” என்று கேட்கும் நாம்தான் இந்த நோய்க்குப் பால் வார்க்கிறோம். பாகத்துக்குப் பணம் தருவோம், மூளைக்குத் தரமாட்டோம் என்றால், மூளையை உபயோகிப்பவர் பட்டினி கிடப்பார். பாகம் விற்பவர் மாடி கட்டுவார். வைத்தியரிடம் நாம் மருந்துக்கு மட்டுமா பணம் கொடுக்கிறோம்? பழுதைக் கண்டறியும் வேலைக்குத் தனிக் கட்டணம் கொடுக்க நாம் பழக வேண்டும். அது சென்சரின் விலையைவிட எப்போதும் மலிவாகவே இருக்கும்.

இரண்டாவது முறைப்பாடு கல்வி பற்றியது. அதுவும் நியாயமே. 1959இல் தொடங்கி இப்போது மொரட்டுவையில் இயங்கும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் பல தலைமுறை மோட்டார் தொழிலாளரை உருவாக்கியிருக்கிறது. ஆனால் மடுல்சீமைத் தோட்டத்துப் பையன் மொரட்டுவைக்கு எப்படிப் போவான்? அவன் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு பாடசாலையில் தமிழில் படித்தவன். கராஜில் தூசு துடைத்து, சாவி எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கித் தொழில் கற்கிறான். கார்பரேற்றர் காலத்தில் அந்தக் கல்வி போதுமாயிருந்தது. கண்ணால் கண்டதைக் கையால் செய்யலாம். மின்னழுத்தத்தைக் கண்ணால் காண முடியாது. ஒரு சென்சர் எப்படி வேலை செய்கிறது, அதன் அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை எழுத்தில்தான் கற்க முடியும். தமிழில் அப்படியோர் ஒழுங்கான கையேட்டைக் கண்ணால் கண்ட மெக்கானிக்குகள் பதுளையில் எத்தனை பேர்? தமிழும் அரசகரும மொழியென்று 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் சொன்னது. கராஜ் வாசலில் அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை. பையன் திரையில் வரும் ஆங்கில எழுத்துகளில் சென்சர் என்ற ஒரு சொல்லை மட்டும் அடையாளம் கண்டு அதையே மாற்றுகிறான் என்றால், குற்றத்தில் பாதி அவனுடையதன்று.

மூன்றாவது முறைப்பாடு தகவல் பற்றியது. வண்டியின் மின்சுற்றுப் படங்களும் சரியான அளவுகளும் கம்பனிகளின் பூட்டிய பெட்டிக்குள் இருக்கின்றன. இந்தப் பூட்டை உலகம் உடைத்துக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டின் விதியொன்றால், பழுதுபார்க்கும் தகவல்களைச் சுயாதீன கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டுமென்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்தே அந்த உரிமையை வென்றார்கள். இந்தியா 2022இல் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு அமைத்தது. அதன் கவனத்துக்குரிய துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. இலங்கையில் வாகன இறக்குமதி வரியைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி இல்லை. அந்த வண்டி பழுதானால் அதைத் திருத்தும் அறிவைப் பற்றிப் பேசும் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று முறைப்பாடுகளையும் ஏற்றுக்கொண்ட பின்னும் ஒன்று எஞ்சுகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எந்தக் கையேடும் தேவையில்லை. “இது என் கைக்கு அடங்கலை, இன்னாரிடம் காட்டுங்க” என்று சொல்லும் மெக்கானிக்கிடம் மக்கள் மறுபடியும் வருவார்கள். தெரியாமல் மூன்று சென்சர் மாற்றியவரிடம் வரமாட்டார்கள். மாற்றிய பாகத்தில் பழுதில்லை என்று தெரிந்த பிறகும் காசைத் திருப்பித் தராதவர், அறியாமையின் நிழலில் ஒதுங்க முடியாது. அது நேர்மையின்மை.

வாகன உரிமையாளர்கள் செய்ய வேண்டியது என்ன? பாகத்தை மாற்றச் சம்மதிக்குமுன், எந்தச் சோதனை செய்தீர்கள், என்ன அளவு கிடைத்தது, என்ன அளவு கிடைத்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் ஒரு துண்டுக் கடதாசியிலாவது எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். புதிய பாகம் புதியதா பாவித்ததா என்று பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பின் விளக்கை அணைத்து அனுப்பினால் போதாது. எந்த ஏற்றத்தில் கோளாறு வந்ததோ அதே ஏற்றத்தில் மெக்கானிக்கை அருகில் அமர்த்தி ஓட்டிக் காட்டுங்கள். கலிபோர்னியாவில் இவற்றிற் சில வெறும் ஆலோசனைகள் அல்ல. வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தரவும், கேட்டால் பழைய பாகத்தைத் திருப்பித் தரவும் அங்குள்ள கராஜ்களை 1971இல் இயற்றிய சட்டமொன்றே கட்டுப்படுத்துகிறது. நம்மிடம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. பொருளுக்கு மட்டுமன்றிச் சேவைக்கும் அதன்கீழ் முறைப்பாடு செய்யலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாதவர் எதைக் காட்டி முறையிடுவார்? ஆகவே முதலில் பற்றுச்சீட்டு.

மலையகத்தின் தொழிற்சங்கங்களுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விளையாட்டு மைதானத்துக்கும் வாசிகசாலைக்கும் அடிக்கல் நாட்டும் கையால், பதுளையில் தமிழ்மொழியில் மோட்டார் மின்னணுவியல் கற்பிக்கும் ஒரு வகுப்பைத் தொடங்கிக் காட்டுங்கள். பகலில் கராஜில் வேலை செய்பவன் மாலையில் வந்து படிக்கக்கூடிய வகுப்பாக அது இருக்கட்டும். பத்து மல்டிமீற்றர், இரண்டு நல்ல ஸ்கேனர், ஒரு பழைய இயந்திரம், ஒரு நல்ல ஆசிரியர் போதும். பதுளைக்கும் பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் உரிய காற்றழுத்த அளவுகளை ஒரு பலகையில் எழுதி அந்த வகுப்பின் சுவரில் மாட்டுங்கள். தமிழ்நாட்டிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாகனத் தொழில்நுட்பம் கற்ற தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சேர்ந்தால், ஒவ்வொரு சென்சருக்கும் ஒரு பக்கமென்று, படத்துடன் ஒரு தமிழ்க் கையேடு ஓராண்டில் தயாராகிவிடும். கோயிலுக்குக் கோபுரம் கட்ட அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும்.

அதுவரை, மஞ்சள் விளக்கோடு கராஜுக்குப் போகும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருங்கள். “சென்சர் போயிருச்சு” என்று சொன்னவுடன் விலையைக் கேட்காதீர்கள். “எதை அளந்து பார்த்துச் சொல்றீங்க?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியை விட்டுவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போகலாம். பதில் சொல்லாமல் கோபப்படுபவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கராஜுக்குப் போங்கள்.